காட் மீன் எண்ணெய்

அக்னி நட்சத்திர வெயிலில் ஆம்பூரே வெந்துகொண்டிருந்தது. பட்டம்மாளுக்கு மட்டும் வியர்க்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்முன் மகளின் கழுத்தைத் தொட்ட வேதாசலம் கையை இழுத்துக்கொண்டான். அப்படி ஒரு குளிர்ச்சி.

சோனிக் குழந்தை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மீன் எண்ணெய் தீர்ந்ததும், தான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில் பதனிட்ட தோலுக்குப் பூசும் சீமை மீன் எண்ணெயைப் பீப்பாயிலிருந்து கொட்டாங்கச்சியில் எடுத்து வந்திருந்தான். ஆஸ்பத்திரிப் புட்டியில் இருந்த மீன் படமே பீப்பாயிலும் இருந்தது. மனைவி அமிர்தவள்ளி தினமும் அதைக் காய்ச்சிக் குழந்தையின் உடம்பெல்லாம் தேய்த்தாள்.

அந்த எண்ணெயைக் குழந்தைக்குத் தேய்க்கலாமா என்று மேஸ்திரி ஜியாவுல்லாவிடம் மெல்ல விசாரித்தான். அவர் சிரித்தார்.

"இன்னா வேதாசலம், புள்ளைய வச்சி பூட்ஸ் தைக்கப்போறியா?"

அந்தக் காட் மீனைப் பற்றி மதராஸ் துறைமுகத்தில் கேட்டதையும் சொன்னார். ஐஸ் மிதக்கும் கடலில், வெளிச்சம் போகாத அடித்தரையில் கூட்டமாகக் கிடக்குமாம். பழுப்புப் புள்ளிகள். விலாவில் தலையிலிருந்து வால்வரை வெள்ளைக் கோடு. தாடைக்குக் கீழே ஒற்றை மீசை.

"சூடு ஆவாது அதுக்கு. செத்துப்போயிடும்."

வேதாசலத்தின் கை தன் மோவாய்க்குப் போனது. குழந்தையின் மோவாயில் சதைத் துணுக்கு ஒன்று தொங்குவதைக் காலையில் பார்த்திருந்தான். மரு என்று நினைத்திருந்தான்.

அந்தி சாய்ந்ததும் ஓடினான். ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளின் புளித்த நாற்றமும் சுண்ணாம்புக் குழிகளின் காரமும் தெருமுனைவரை கூடவே வந்து, வீட்டை நெருங்க நெருங்க அடங்கி, அவன் ஒருநாளும் பார்த்திராத கடலின் வாடையாக மாறின. ஜன்னல்களில் கோணிச்சாக்கு தொங்கியது. உள்ளே விளக்கில்லை. பாய் நனைந்திருந்தது.

"பட்டு."

பின்கதவைத் தள்ளினான்.

கொல்லைக் கிணற்றடியில் அமிர்தவள்ளி நின்றிருந்தாள்.

"கொயந்த எங்க?"

"எரியுது எரியுதுன்னா. இருட்டு வேணும்னா." அவள் குரலில் பதற்றமே இல்லை. "எறக்கி வுட்டேன்."

குனிந்து பார்த்தான். கறுப்பு நீர். வெகு ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அசைந்தது. வளைந்தது. மேலே வந்தது.

பட்டுவின் முகம். இமைக்காத கண்கள். வாய் திறந்தது. மூடியது. சத்தமில்லை.

அவன் முதுகில் அமிர்தவள்ளியின் இரு கைகளும் பதிந்தன. எண்ணெய் தேய்த்த கைகள். சட்டையைத் தாண்டிக் குளிர் இறங்கியது.

கீழே அதன் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்தது. பிறகு இன்னொன்று. கிணறு முழுக்க.