சிவப்புக் காலடி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால், மனுஷனிடம் வாயைத் திறந்து கேட்கிற பழக்கமே போய்விட்டது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீர் என்று கேட்டால் கிழவன் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கு வீடு முழுக்க ரப்பர் பாய் விரித்து, அடியில் வயர் ஓட்டி, அவன் மூத்திரம் போகிற கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆள் உயரத்துக்கு அச்சடித்து ஊருக்குக் காட்ட வேண்டுமாம். பேர் ஆராய்ச்சி.

பூட்டுக்காரர் இப்படி முனகிக்கொண்டேதான் பேத்தியின் கல்லூரி மண்டபத்துக்குள் நுழைந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியை ஒட்டி வைத்த தட்டிகள். ஒரு பெண் மண்புழுவை வெயிலில் விட்டுப் பார்த்திருந்தாள். ஒருத்தன் பழைய ஆட்களின் கடிதங்களைப் புரட்டி அவர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தான். பயப்படுவதையெல்லாமா படிப்பார்கள்?

பேத்தியின் தட்டி கடைசியில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. தாத்தா தனியாகக் குடியிருக்க முடியும் என்று காட்டத்தான் அவள் இந்த ப்ராஜெக்டை எடுத்தாள். அவருடைய மகளான அவள் அம்மாவோ, வீட்டை விற்றுவிட்டு அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே அவருக்குக் கூடத்து மூலையில் ஒரு மடக்குக் கட்டில். தலைமாட்டில் ஓயாத டிவி. தான் வாங்கிய வீட்டில், தான் மாட்டிய பூட்டுக்குள் சாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

தட்டியில் அவர் வீடு கூரையைக் கழற்றினாற்போல் விரிந்து கிடந்தது. சமையலறை, நடை, குளியலறை, கட்டில். எங்கும் நீலக் காலடிகள்.

கூடவே சிவப்புக் காலடிகளும்.

பேத்தி ஆசிரியரைக் கூட்டிவரப் போயிருந்தாள். அவளுடைய கூட்டாளி மட்டும் நின்றான். சோடாபுட்டி என்பாள் அவனை. கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவனுடையது. அவர் வீட்டை அவன் பார்த்ததுகூட இல்லை. காலையில்தான் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்து மாட்டியிருந்தான்.

"நீலம் நீங்க தாத்தா. எடையையும் நடையையும் வச்சு மெஷினே ஆளைப் பிரிச்சுக்கும்."

"சிவப்பு?"

"பாட்டி." பல்லைக் காட்டினான். "தப்பா நினைக்காதீங்க, பாட்டி தூங்கவே மாட்டாங்களா? ராத்திரி பூரா உங்க கட்டில் பக்கத்துலயே நிக்கிறாங்களே."

அவர் பெண்சாதி ஆஸ்பத்திரியில் செத்த பிறகுதான் அந்த வீட்டையே வாங்கினார். அவள் அதன் வாசலை மிதித்ததில்லை.

அவருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. இருட்டில் நடையில் கால் வைக்கும்போதெல்லாம் ரப்பர் 'சிக்' என்று முனகும், அவர் காலை எடுத்த பிறகு முதுகுக்குப் பின்னால் இன்னொரு 'சிக்' மெல்லக் கேட்கும், அமுங்கின ரப்பர் எழும்புகிறது என்று நினைத்துச் சுவரைத் தடவிக்கொண்டே போவார். புது ரப்பர் வாடைக்குள்ளிருந்து, வெகுநாள் திறக்காத அலமாரியின் வாடை ஒன்று புறப்பட்டு வந்து கட்டில் வரைக்கும் கூடவே நடக்கும். ஒருநாள் நடுநடையில் சட்டென்று நின்று பார்த்தார். பின்னால் ஒரு 'சிக்'. அப்புறம் அதுவும் நின்றுகொண்டது.

"வாசல் பக்கம் சிவப்பு இருக்கா?"

"இல்ல தாத்தா. வெளியவே போறதில்ல. முதல்ல சமையலறையில மட்டும். அப்புறம் நடை. அப்புறம் கட்டில்."

ஆயுள் முழுக்கப் பூட்டோடு மல்லுக்கட்டினவர். எல்லாப் பூட்டும் வெளியே நிற்கிறவனுக்குத்தான்.

"கடைசி வாரம் சிவப்பையே காணோம். பாட்டி ஊருக்குப் போயிட்டாங்களா? ஆனா அன்னையிலேர்ந்து உங்க எடை ஒரேயடியா ஏறியிருக்கு. பாட்டி இல்லாத தைரியத்துல கண்டதையும் சாப்பிட்டீங்களா?"

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தோள்பட்டை மட்டும் கழன்று விழுகிற வலி. பின்கழுத்தில் ஈரத்துணியைப் போட்டாற்போல் ஒரு குளிர். இப்போதும்.

ஆசிரியர் கிடைக்காமல் பேத்தி தனியாகத் திரும்பி வந்தாள். அப்போதுதான் படத்தைப் பார்த்தாள்.

"லூசு, தாத்தா தனியாத்தானடா இருக்கார்!"

சோடாபுட்டியின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "தாத்தா, உண்மையைச் சொல்லுங்க. ராத்திரி வீட்டுல யாராவது இருக்காங்களா? சொன்னீங்கன்னா இன்னைக்கே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்."

மடக்குக் கட்டில். டிவி. வீடு கை மாறிவிடும்.

"ஒரு மண்ணும் இல்ல. மெஷின் கோளாறு."

"சத்தியமா?"

"போடி. உன் மெஷினை நம்புவியா, என்னை நம்புவியா?"

தட்டிக்கு முன்னால் கண்ணாடிக் கதவு வரைக்கும் ஒரு நீளப் பாய் கிடந்தது. மிதித்த இடத்தில் விளக்கெரியும். அவருக்கு நீலம், புது ஆளுக்கு வெள்ளை. எடை கூடினால் வெளிச்சமும் கூடும்.

"அப்ப இதுல நடந்து காட்டுங்க," என்று அவள் பாயின் தொடக்கத்தில் ஏறி நின்றாள். அவள் காலடியில் மங்கலாக வெள்ளை.

அவர் அவளைத் தாண்டி நடந்தார். நீலம். கண் கூசுகிற நீலம். சிக். சிக்.

பாதியில் தோள் வலி நின்றது.

மூட்டையை இறக்கினாற்போல். முதுகு தானாக நிமிர்ந்தது. அப்பாடா என்று வாய்வரை வந்துவிட்டது.

பின்னால் ஒரு 'சிக்'.

அவரை நோக்கி அல்ல. விலகி.

எதிரே கண்ணாடிக் கதவில் எல்லாம் தெரிந்தது. அவர் கால் நீலம், மங்கிப்போய். தூரத்தில் பேத்தியின் வெள்ளை. நடுவே சிவப்பு.

ஒன்று.

அப்புறம் ஒன்று.

அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் குதிகாலுக்குப் பின்னால் நின்றது. ஒட்டி நின்றது.

சிவப்பு அணைந்தது. அவள் காலடி வெள்ளை பளீரென்று ஏறியது.

அவள் கை பின்கழுத்துக்குப் போனது. "டேய், ஏசியைக் கொஞ்சம் குறைடா."

"ஏசி போடவே இல்லையே."

கண்ணாடிக்குள் அவள் தோள்கள் மெல்ல இறங்கின. "தாத்தா?"

திரும்பினால் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போய்விடும்.

"மெஷின் கோளாறுதான்," என்றார், கதவைப் பார்த்தபடியே. "இந்தக் காலத்துச் சாமான் எது ஒழுங்கா இருக்கு?"

கதவைத் தள்ளினார். படியிறங்கினார். அவர் நம்பவில்லை. நம்பவே இல்லை. நிமிர்ந்து நடந்தார்.

தோள் கொஞ்சமும் வலிக்கவில்லை.