மெயினை இறக்காதே

புது ப்ராசஸரை சர்வரின் போர்டு ஏற்கவில்லை. மின்விசிறிகள் ஒரே மூச்சில் இரைந்து எழுந்தன, பத்து எண்ணுவதற்குள் அடங்கின, திரை கறுப்பாகவே இருந்தது. வெரோனிகா மூன்றாவது முறையாகப் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அதே இரைச்சல், அதே அடக்கம். இந்த வகை ப்ராசஸரை அடையாளம் காண வேண்டுமென்றால் போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், புதியதாக இருக்க வேண்டும். அது புதியதுதான். ஜூன் பதினான்காம் தேதி அவள் அண்ணன் ஆரோக்கிய பிரகாஷ் இதே அறையில் அதைப் புதுப்பித்தான். திரையில் நூறு சதவீதம் என்று வந்திருந்ததை, தரையில் கிடந்த அவனைத் தாண்டி, அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இன்னொன்றும் சரியில்லை. அறையில் லேசாகப் பூண்டு வாசம் அடித்தது.

“பாக்யராஜ் அண்ணே, கிடங்குல மருந்து வச்சிருக்கீங்களா?”

நெல் கிடங்கின் மேலாளர் தாழ்வாரத்தில் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். “அதுக்கப்புறம் இங்க யாரும்மா மருந்து வைப்பா? மூட்டையே இல்ல, காலியா கெடக்கு. இன்னா, வாசன வருதா?”

“இல்லண்ணே, சும்மா கேட்டேன்.”

“முடியலன்னா வுட்டுடும்மா. நாளைக்கு வக்கீலு ஒரு ஆளை அனுப்புறாரு. உள்ள இருக்கற பதிவெல்லாம் அவன் எடுத்துடுவானாம். நான் ஏம்பலம் வரைக்கும் போயி டீ குடிச்சிட்டு வந்துடறேன். கதவுக்கு வச்ச செங்கல்ல மட்டும் எடுத்துடாத.”

“நானா எடுப்பேன்?”

பைக் சத்தம் கரும்பு வயல்களின் ஓரமாகத் தேய்ந்து மறைந்தது. நாளை வரப்போகும் அந்த ஆளுக்கு முந்திக்கொள்ளத்தான் அவள் இன்று வந்திருந்தாள்.

முன்பு பூச்சிமருந்து வைத்திருந்த அறை அது. சன்னல் கிடையாது, சுவரெல்லாம் இரும்புத் தகடு. கதவைப் பிடித்திருப்பது ஒரு காந்தப் பூட்டு. உள்ளேயிருந்து பச்சைப் பொத்தானை அழுத்தினால் இந்த சர்வர்தான் பூட்டைத் திறக்கச் சொல்லும். ஃபர்ம்வேர் மாறிக்கொண்டிருக்கும்போது சர்வர் யார் பேச்சையும் கேட்காது. ஆனால் போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அது எப்போதும் விழித்திருக்கும். கதவு எப்போது மூடியது, பொத்தானை எத்தனை முறை அழுத்தினார்கள் என்று நேரத்தோடு குறித்து வைத்துக்கொள்ளும்.

ஜூன் பதினான்கு காலை பக்கத்துக் கிடங்கில் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, பூச்சி சாக விஷவாயு கக்கும் மருந்து மாத்திரை வைத்திருந்தார்கள். ஒயருக்காகச் சுவரில் போட்ட துளையை யாரும் அடைக்கவில்லை. அதன் வழியாக அந்த வாயு பூண்டு வாசத்தோடு அண்ணன் இருந்த அறைக்குள் வந்தது. வெளியே தாழ்வாரத்தில், மெயின் சுவிட்சுக்கு அருகில், வெரோனிகா நின்றிருந்தாள். அதை இறக்கியிருந்தால் காந்தம் விட்டிருக்கும், கதவு தானாகத் திறந்திருக்கும்.

போலீஸிடமும், பங்குச் சாமியாரிடமும், அம்மாவிடமும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். “எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல.”

முந்தைய வருடம் வில்லியனூரில் ஓர் அச்சகத்தில், பாதி வேலையில் ஏதோ கருகுகிற வாசம் வந்ததென்று பயந்து அவள் மெயினை இறக்கினாள். ஃபர்ம்வேர் அரைகுறையாக நின்று அந்தப் போர்டு செத்துப்போனது. கருகியது பக்கத்து வீட்டுக் குழம்பு. ஒரு வருடம் முழுக்க அண்ணன் அதை விடவில்லை. “போர்டைக் கொன்னவளே, ஒரு டீ போடுடி.” அன்றும் உள்ளே போகும்போது தன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தான். “இந்தா பாரு, இன்னா ஆனாலும் மெயினை இறக்காத. நானே கத்தினாலும் இறக்காத. இதையும் கொன்னேன்னா உன்ன பாகூர் ஏரில தள்ளிடுவேன்.”

“நீ கத்தினா காது குளிர கேட்டுக்கினு நிப்பேன், போ.”

பழைய ப்ராசஸரைத் துடைத்து மறுபடியும் பொருத்தினாள். விசிறிகள் இரைந்தன, நிதானமாயின. திரை வெளுத்தது.

ஃபர்ம்வேர் 1.4.

அவன் மாற்றுவதற்கு முன்பு இருந்த பதிப்பு. புதியது 2.1. மூன்று முறை படித்தாள். அன்று நடந்த வேலை நடக்கவேயில்லை என்பதுபோல் எழுத்துகள் அசையாமல் நின்றன. அதற்குக் கீழே தேதி, ஜூன் 14. நேரம் 15:05. நான்கு மாதம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், கடிகாரம் ஏதாவது ஒரு பழைய தேதிக்குப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏதாவது ஒரு தேதிக்கு. இந்தத் தேதிக்கு ஏன்?

பதிவுகளை அழிக்கத்தான் வந்தாள். பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது.

15:05. அறைக் கதவு மூடியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. அவ்வளவு கனமான இரும்புக் கதவு, ரப்பர் ஓரத்தில் அழுந்தும்போது வரும் பெருமூச்சு கூட இல்லாமல் மூடியிருந்தது. கதவிடுக்கில் வைத்த செங்கல் அவள் காலடியில் இருந்தது.

பச்சைப் பொத்தானுக்கு ஓடினாள். அழுத்தினாள். பூட்டு அசையவில்லை. திரையில் இரண்டாவது வரி விழுந்தது. 15:06. பொத்தான் அழுத்தப்பட்டது. மறுபடியும் அழுத்தினாள். மூன்றாவது வரி. எத்தனை முறை அழுத்தியிருப்பான் என்று நான்கு மாதமாக இரவில் எண்ணிப் பார்த்த கணக்கு அவள் விரலிலிருந்தே வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

வரி விழுவது நிற்கவில்லை. பொத்தான் அழுத்தப்பட்டது. பொத்தான் அழுத்தப்பட்டது.

பிறகு திரை மாறியது. சர்வரின் பின்பக்கத்தில் அண்ணனின் சிவப்புப் பென் டிரைவ் செருகியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை. ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். 3 சதவீதம்.

சர்வரின் ஒயரைப் பிடுங்கிப் பயனில்லை. காந்தத்துக்கு மின்சாரம் வெளியேயிருந்து வருகிறது. போனை எடுத்தாள். இரும்புச் சுவருக்குள் ஒரு கோடு சிக்னல் கூட இல்லை. வாசம் இப்போது லேசாக இல்லை. நாக்கில் தகரம் போல ஒட்டியது, தொண்டைக்குள் அழுகிய மீன் போல இறங்கியது. நெற்றிப்பொட்டு துடித்தது. கதவைத் தட்டினாள். மும்மூன்றாக. தோள் வலிக்கும்வரை.

வெளியே செருப்புச் சத்தம்.

“பாக்யராஜ் அண்ணே! நான் உள்ள இருக்கேன்! மெயினை இறக்குங்க!”

செருப்பு கதவருகில் நின்றது. குரல் வந்தது. மெல்லிய, விளையாட்டான குரல்.

“இன்னாண்ணா, எவ்ளோ ஆச்சு?”

அது அவளுடைய குரல்.

38 சதவீதம். மூச்சு சின்னதானது. பழைய சாவித் துவாரத்தை எம்சீல் பசை வைத்து அடைத்திருந்தார்கள். கை தடவியபோது அதில் ஒரு பள்ளம் பட்டது. யாரோ ஸ்க்ரூடிரைவரால் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளம். அவன் தோண்டியது. அவள் தன் ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்தாள். அளவாகப் பொருந்தியது. குத்தினாள். திருகினாள். பொடி உதிர்ந்தது. 52. மறுபடியும். வெளிச்சம்.

கண்ணை வைத்தாள்.

தாழ்வாரத்தில் ஜூன் மாத வெயில். நீலச் சுடிதார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவள் எரித்துவிட்ட சுடிதார். இடது கையில் அண்ணனின் போன். வலது கை மெயின் கைப்பிடியின் மேல்.

துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினாள். “இறக்குடி! செத்துடுவேன்! மெயினை இறக்கு!”

மறுபடியும் கண்.

அந்த முகம் நிமிர்ந்தது. சிரிப்பு நின்றது. கதவைப் பார்த்தது. கண்கள் விரிந்தன. அதற்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. புரிந்தது. அது கைப்பிடியைப் பார்த்தது. தன் விரல்களைப் பார்த்தது. மீண்டும் கதவைப் பார்த்தது.

“இன்னும் கொஞ்சந்தாண்ணா,” என்றது. “நீதான இறக்காதன்ன.”

விரல்கள் அசையவில்லை.

61.

கத்தக் காற்று இல்லை. வெரோனிகாவின் இரண்டு உள்ளங்கைகளும் கதவில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தன.

தட்டும் சத்தம் நிற்கவில்லை. கதவின் உள்பக்கம். அவள் தோளுக்கு மேலே. காதுக்குப் பக்கத்தில். மும்மூன்றாக.