வானத்துக்குப் போகும் காலி இடம்

"இடமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பேருந்தில் அப்படித்தான் சொல்வார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு இருக்கைகளில் பைகள் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

அன்று அதே வார்த்தையை அம்மாவே சொன்னாள். அம்மா செயற்கைக்கோள் நிலையத்தில் பொறியாளர். டிவி நிகழ்ச்சிகளோடு சேர்த்து, தீவுகளுக்கான இணையப் பாடங்களையும் அங்கிருந்துதான் வானத்துக்கு அனுப்புகிறார்கள். செயற்கைக்கோள் அதை வாங்கி, தீவில் இருக்கும் டிஷ்களுக்கு இறக்கிவிடும்.

"திங்கட்கிழமையிலிருந்து சைகை மொழி வீடியோ கிடையாதாம்டி. இடமில்லைன்னு மேலாளர் சொல்லிட்டார். எழுத்துப் பாடம் மட்டும்தான் போகும்."

எனக்குப் பகீரென்றது. தீவில் என் சித்தி மகள் பட்டாணி இருக்கிறாள். ஆறு வயது. அவளுக்குக் காது கேட்காது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் அவளும் சித்தியும் கையால் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். போன மாதம்தான் முதல் தடவையாகக் கையால் தண்ணீர் கேட்டாளாம். அதுவரை எது வேண்டுமென்றாலும் அழுதுதான் கேட்பாள்.

"அவளுக்கு இன்னும் படிக்கவே தெரியாதேம்மா. வெறும் எழுத்தை வெச்சு என்ன பண்ணுவா?"



மறுநாள் பள்ளி விடுமுறை. நானும் வருவேன் என்று அடம்பிடித்து நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் கணினியில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பச்சை, மீதி சாம்பல்.

"பச்சை என்னம்மா?"

"அதுதான் தகவல். மேலே போற பெட்டியெல்லாம் ஒரே அளவு. ஆனா தகவல் அந்த அளவுக்கு வராதே."

"சாம்பல்?"

"மிச்ச இடம். அதுல ஒண்ணுமில்லை. சும்மா அடைச்சு அனுப்புவோம்."

"ஒண்ணுமில்லாததையா அவ்வளவு தூரம் அனுப்புறீங்க?"

பக்கத்து மேசை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த தகவலை அந்த மிச்சத்துலயே ஆரம்பிச்சு, கொள்ளாததை அடுத்த பெட்டியில வைக்கலாமே? ஊருக்குப் போறப்ப என் துணியில பாதி உன் பையிலதானே வருது?"

"வைக்கலாம்டி. டிஷ்லேர்ந்து வர்றதைப் பிரிச்சு டிவிக்குக் குடுக்குற ரிசீவர் இருக்கே, அதுல புதுசுக்கு இது புரியும். பழசுக்குப் புரியாது. அதுக்கு ஒவ்வொரு தகவலும் புதுப் பெட்டியிலதான் ஆரம்பிக்கணும். தீவுல எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஒரே ஒரு பழசுதான் பாக்கி."

"அது எங்க இருக்கு?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "மேலாளர் அறையில. அவருக்கு அதுலதான் வானிலை பார்க்கணும். சொல்லிப் பார்த்தாச்சு, கேக்கல. நீ பேசாம உட்காரு."

பேசாமல் உட்காருவதா? வீட்டில் எனக்குப் பெயரே வாயாடி. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து போய் மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன்.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. அலமாரி மேல் ஒரு டிவி. அதன் பக்கத்தில் அந்தப் பழைய ரிசீவர்.

"யாரும்மா நீ?"

"பொறியாளர் பொண்ணு சார். இந்த ரிசீவரை நிறுத்துங்க. இதனாலதான் என் தங்கச்சி பாடத்துக்கு இடமில்லாம போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது பெரியவங்க விஷயம். வெளியே போ."

"மாட்டேன்."

 நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதுலதான் வானிலை பார்க்கிறேன். தெரியுமா?"

"இப்ப என்ன சொல்லுது சார்?"

"நீயே பாரு. வானம் தெளிவா இருக்காம்."

"ஜன்னலை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?"

"வெளிச்சம் அடிச்சா டிவி தெரியாது."

நான் போய்த் திரைச்சீலையை இழுத்தேன். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய ஸ்கூட்டர் தொப்பலாக நனைந்து நின்றது.

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஜன்னல் இருக்கு சார்" என்றேன். "என் தங்கச்சிக்குக் காது கேட்காது. பேசக் கத்துக்க அந்த வீடியோவை விட்டா அவளுக்கு வேற வழி இல்லை."

அவர் டிவியை அணைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஓடி வந்தாள்; நான் அங்கே நிற்பதைப் பார்த்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பழசைக் கழட்டிடுங்க. இனிமே பெட்டியை நிரப்பியே அனுப்புங்க. அந்த வீடியோவும் போகட்டும்" என்றார் மேலாளர். "அப்படியே யாரையாவது என் ஸ்கூட்டரை உள்ளே தள்ளச் சொல்லுங்க."

அம்மா கணினியில் அமைப்பை மாற்றினாள். சாம்பல் சுருங்கிச் சுருங்கி, பெட்டிகள் விளிம்புவரை பச்சையாக ஓடின. "வீட்டுக்கு வா, உன்னை வெச்சுக்கிறேன்" என்றாள். ஆனால் என் கையை மட்டும் விடவே இல்லை.

திங்கட்கிழமை பாடம் வழக்கம்போல் போனது. மறுநாள் காலையிலேயே சித்தியிடமிருந்து போன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? நேத்துப் பாடத்துல 'மாட்டேன்'னு சொல்றதுக்குச் சைகை சொல்லிக் குடுத்தாங்க. குளிக்கக் கூப்பிட்டா மாட்டேங்கிறா. தூங்கக் கூப்பிட்டா மாட்டேங்கிறா. என்னால முடியலடி."

"அழுறாளா சித்தி?"

"அழறதா? ஒரு கையை இடுப்புல வெச்சுக்கிட்டு, இன்னொரு கையாலதான்டி சொல்றா."