அம்மா செய்த சாம்பல் மணிகள்

அப்பா பின்னிவிடும் சடை, பள்ளி வேன் தாமான் குடியிருப்பின் வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். லோஷினி ஒருநாளும் அதை அவரிடம் சொன்னதில்லை. வேனில் உட்கார்ந்தபடியே பிரித்து, தானே ஒரு குதிரைவால் போட்டுக்கொள்வாள். மாலையில் அப்பா வீடு திரும்பும் நேரத்துக்கு மறுபடியும் சடையாகப் பின்னி, கொஞ்சம் கோணலாகவே விட்டுவைப்பாள்.

அவளுக்குப் பதினோரு வயது. வீடு ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், ஸ்கூடாயில். அம்மா பிரேமலா டிங்கிக் காய்ச்சலில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காய்ச்சல் வந்த அன்றுகூட அம்மா, "ரெண்டு நாள்ல சரியாயிடும்லா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சரியாகவில்லை.

அதன் பிறகு அப்பா மதிவாணன் அதிகம் பேசுவதில்லை. ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. காலையில் சடை பின்னுவார், சமைப்பார், போவார், வருவார். சாம்பாரில் ஒருநாள் உப்பே இருக்காது. மறுநாள் இரண்டு நாளைக்கான உப்பும் சேர்ந்து இருக்கும். அம்மாவின் பெயரை மட்டும் அவர் வாய் சொல்வதேயில்லை. லோஷினி அம்மாவைப் பற்றி ஏதாவது பேச ஆரம்பித்தால், எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுவார்.

கூடத்தில் அம்மாவின் படம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல். அதற்குள் கடுகைவிடச் சற்றுப் பெரிய சாம்பல்நிற மணிகள். மூடியைச் சுற்றி நன்றாக டேப் ஒட்டியிருந்தது, திறக்கக் கூடாது. அம்மா கடைசியாகச் செய்தது அதுதான். வேலைக்குக் கிளம்பும்போது அப்பா அந்தப் போத்தலை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போவார்.

அம்மா ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது லோஷினிக்கு ஒருமுறை அவளோடு லாபிஸ் என்ற ஊருக்குப் போனபோதுதான் புரிந்தது. அங்கே செம்பனை ஆலைக்குப் பின்னால் பெரிய பெரிய குளங்கள் இருந்தன. பழத்திலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கழிவுநீரை அதில்தான் விடுவார்கள். பழுப்பு நிறத் தண்ணீர். அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி, மேலே வந்து உடைந்தபடியே இருந்தன. அழுகிய முட்டை நாற்றம். லோஷினி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் குமிழிக்குள் மீத்தேன் என்ற வாயு இருக்கிறது, நன்றாக எரியக்கூடியது என்றாள் அம்மா. அது வீணாக மேலே போகிறது. போய், பூமியையும் சூடாக்குகிறது. அதைப் பிடித்து, சூடான குழாய் வழியாக அனுப்பி, வண்டி ஓட்டுகிற எரிபொருளாக மாற்ற முடியும். ஆனால் வாயு சும்மா மாறாது. குழாய்க்குள் வினையூக்கி இருக்க வேண்டும்.

வினையூக்கி என்றால் என்ன என்று லோஷினி கேட்டாள். அது கல்யாணத் தரகர் மாதிரி என்றாள் அம்மா. இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைப்பார். ஆனால் அவர் யாரையும் கட்டிக்கொள்ள மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். லோஷினி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். உடனே நாற்றம் தாங்காமல் மறுபடியும் பொத்திக்கொண்டாள்.

அம்மாவின் தரகர்தான் அந்தச் சாம்பல் மணிகள். பழம் உதிர்த்தபின் ஆலையில் குவிந்து கிடக்கும் செம்பனைக் குலைகளை எரித்து, அந்தச் சாம்பலை மணிகளாக உருட்டி, நிக்கல் கரைசலில் ஊறவைத்துச் செய்வாள். மற்றவர்கள் செய்த மணிகள் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு, மேலே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். அம்மாவின் மணிகள் அப்படி அடைக்கவில்லை.

அந்தப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தவள் சந்திரமதி. அம்மாவிடம் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்த மாணவி, லாபிஸ்காரி, அந்தக் குளங்களுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய வீடு. அம்மாவின் காரியம் முடிந்த அன்று லோஷினியின் கையில் போத்தலை வைத்து, "டாக்டர் கடைசியா செஞ்சது. ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வருவாள். லோஷினியின் சடையைப் பிரித்துச் சத்தமில்லாமல் சரியாகப் பின்னிவிட்டுப் போவாள்.

அப்புறம் திடீரென்று வருவது நின்றுபோனது. ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. லோஷினி வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். மூன்றாவது சனிக்கிழமை நிற்கவில்லை. எல்லாருமே போய்விடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள், அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும், அங்கே மிச்சமிருந்த அவளுடைய பொருள்களை எடுத்து வரவும் அப்பா பல்கலைக்கழகம் போனார். லோஷினியும் கூடப் போனாள். அப்பா அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்றாள்.

உள்ளே சந்திரமதி இருந்தாள். மெலிந்திருந்தாள். இரும்புக் குழாயிலிருந்து எதையோ தட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். விழுந்ததெல்லாம் கரிக்கட்டி. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடியும் தட்டினாள்.

அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியில் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் வீட்டில் இருக்கும் போத்தலைப் போலவே. ஒரே ஓர் இடம் மட்டும் பல் விழுந்த இடம்போலக் காலியாக இருந்தது. லோஷினி அந்த இடத்தைப் பார்த்தாள். தட்டில் கிடந்த கரியைப் பார்த்தாள். சந்திரமதி ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அவளுக்கு விளங்கியது.

சந்திரமதி நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். வேலை அதிகம், அதனால்தான் வர முடியவில்லை என்று ஏதேதோ சொன்னாள். லோஷினி சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, எங்க வீட்டு போத்தல் இருந்தா இது சரியாயிடுமா?"

சந்திரமதி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னாள். டாக்டர் செய்ததில் மிச்சம் இருப்பது அந்த ஒரு போத்தல்தான். அவர் செய்த மாதிரியேதான் அவளும் செய்கிறாள். ஒவ்வொரு முறையும் மதியத்துக்குள் கரி அடைத்துவிடுகிறது. மாதக் கடைசியில் செம்பனை ஆலைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காட்ட ஒன்றுமில்லை என்றால் இந்த வேலையையே மூடிவிடுவார்கள். குளம் தன்பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

"அப்ப ஏன் நீங்க கேக்கல?"

"ஒங்கிட்ட எப்படிம்மா கேப்பேன்? வீட்டுக்கு வந்தா அது படத்துப் பக்கத்துல இருக்கு. அதப் பாத்துக்கிட்டே ஒனக்குச் சடை பின்ன முடியல."

லோஷினி தன் விரல்களைப் பார்த்தாள். "அம்மா சொன்னாங்க, வினையூக்கி தீந்து போகாதுன்னு. வேல முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவீங்கதானே?"

இதற்கு ஆம் என்று சொல்வது மிகவும் சுலபம். சந்திரமதி அப்படிச் சொல்லவில்லை.

"வேல செய்யறதால அது தீராது. ஆனா டாக்டரோடது மட்டும் ஏன் அடைக்கலன்னு தெரியணும்னா, ஓட்டிப் பாத்துட்டு ஒடைக்கணும். பொடியாக்கி மைக்ராஸ்கோப்புல பாக்கணும். திரும்பக் கெடைக்காது, லோஷினி. அத விட்டுரு. அது ஒன்னோடது."

வீட்டுக்கு வந்த லோஷினி, போத்தலைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். அம்மாவின் சேலையில் இருந்த வாசனை போய்விட்டது. அம்மாவின் கைப்பேசியும் அணைந்துவிட்டது. அம்மாவின் விரல்கள் உருட்டிய மணிகளாவது இருக்கட்டும். போத்தலைக் காதருகில் வைத்து ஆட்டினால் அரிசி களைவதுபோல ஒரு மெல்லிய சத்தம் வரும். அதையும் கேட்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அந்த முடிவு அவளுக்கு நிம்மதி தரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கரி விழுவதுபோல இருந்தது. போத்தலைப் பார்த்தால் அலமாரியின் காலி இடம் தெரிந்தது. ஒருநாள் மாலை, அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

அப்பாவின் கை நின்றது. "வேற எது வேணும்னாலும் கேளு. அத மட்டும் கேக்காத" என்றார்.

லோஷினி வாதாடவில்லை. அவர் மடித்த துணிகளை எடுத்து அடுக்கினாள். ஒரு சட்டை, இரண்டு சட்டை, பள்ளிச் சீருடை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த அக்கா கேக்கவே இல்லப்பா. கேட்டிருந்தா நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

அப்பா இன்னொரு துணியை எடுத்து மடித்தார்.

"அம்மா அத படத்துப் பக்கத்துல வைக்கறதுக்குச் செய்யலப்பா."

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை என்பது லோஷினிக்குத் தெரியும். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பா அவளை எழுப்பி, கிளம்பச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. காரில் ஏறியபோது, அவருடைய சட்டைப் பையில் கைக்குட்டை சுற்றிய போத்தல் இருந்தது. பல்கலைக்கழகம் வந்ததும் அதை லோஷினியிடம் கொடுத்து, "நீயே குடு" என்றார்.

சந்திரமதி வாங்க மறுத்தாள். அண்ணே, வேண்டாம், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று பின்னால் நகர்ந்தாள். லோஷினி கைக்குட்டையைப் பிரித்தாள். போத்தலைக் காதருகில் வைத்து ஒருமுறை ஆட்டிக் கேட்டாள். பிறகு நீட்டினாள்.

"நான் யோசிச்சிட்டேன் அக்கா. எடுத்துக்குங்க."

ஆய்வுக்கூடத்துக்குள் சிறுவர்கள் போக அனுமதி இல்லை. அப்பாவும் மகளும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சந்திரமதி கையுறை போட்டுக்கொண்டு டேப்பைப் பிரித்தாள். மணிகள் குழாய்க்குள் இறங்கின. சத்தம் இந்தப் பக்கம் கேட்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். லோஷினி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணிகள் இருந்த குழாய் சூடேறியது. ஆலையிலிருந்து பிடித்து வந்த வாயு அதற்குள் போனது. அங்கே பிரிந்து வேறாகச் சேர்ந்த வாயு, இன்னொரு குழாய்க்குள் அழுத்தத்தோடு நுழைந்தது. கடைசியில் பனிக்கட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குடுவை காத்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் காட்டும் கருவியின் முள் மேலே ஏறும் என்று சந்திரமதி சொல்லியிருந்தாள். அப்பா முள்ளைப் பார்த்தார். லோஷினி குடுவையைப் பார்த்தாள்.

மதியம் வந்தது. முள் அசையவில்லை. சந்திரமதி சாப்பிடப் போகவில்லை. அப்பா வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆறியது. வெளியே மழை பெய்து ஓய்ந்தது. முள் அப்படியே நின்றது. குடுவையின் அடியில் தண்ணீரைப்போலத் தெளிவாக ஒரு திரவம் துளித் துளியாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

சந்திரமதி வெளியே வந்து, "ஓடுதுண்ணே" என்று மட்டும் சொன்னாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லோஷினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். சந்திரமதி அழுதுகொண்டே சாப்பிட்டாள். சோற்றோடு இருந்த மிளகாய்ச் சம்பல் காரமாக இருக்கிறது என்று மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த வாரம் அந்த மணிகளை உடைத்துப் பொடியாக்கினார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அம்மாவின் மணிகளில் நிக்கல் மிக நுண்ணிய புள்ளிகளாக எங்கும் பரவியிருந்தது. சந்திரமதி செய்தவற்றில் அதுவே திட்டுத் திட்டாகத் திரண்டிருந்தது. ஊறிய மணிகளை அவள் அவசரத்தில் நேராகச் சூளைக்குள் வைத்திருந்தாள். மெதுவாகக் காய்ந்தால்தான் நிக்கல் திரளாமல் பரவும் என்பதால், அம்மா அவற்றை மேசைமேல் பரப்பி, பொறுமையாக ஆறக் காயவிட்டிருக்க வேண்டும் என்று புரிந்தது. சந்திரமதி அதேபோல் காயவிட்டுப் புதிதாகச் செய்தாள். கரி அடைக்கவில்லை. ஆலைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், குளத்துக்குப் பக்கத்திலேயே பெரிய குழாய் வைத்துச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார்கள்.

இதெல்லாம் பிறகு நடந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை, அப்பாவும் லோஷினியும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஸ்கூடாய்ச் சாலையில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. அப்பாவின் சட்டைப் பை தட்டையாக இருந்தது. லோஷினி அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொடுத்தது சரிதான் என்று தெரிந்தும் அழுகை வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"ஒங்கம்மாவுக்குச் சோறாக்கவே தெரியாது, தெரியுமா?"

லோஷினி திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல. அரிசியத் தராசுல வச்சு நிறுத்து, தண்ணிய அளந்து ஊத்தி, பக்கத்துலயே நின்னு நேரம் பாத்தா. அப்பவும் அடிப்புடிச்சிருச்சு. பிரேமா..." அந்தப் பெயரில் அவர் குரல் தடுக்கியது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. "பிரேமா அந்தக் கருகின சோத்தத் தூக்கிப் போடல. கரண்டியால சொரண்டி எடுத்து, எங்க மொதல்ல கருகியிருக்குன்னு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. நான் பசியோட உக்காந்திருக்கேன்."

லோஷினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அப்பா சொல்லத் தொடங்கினார்.

விளக்கு பச்சையானது. இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.