கோழிக்கால் பிசாசுக்கு ஒரு நாற்காலி

“அந்தக் கதை அப்படி முடியாதே...”

கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல். இஸ்ரேலில், ஹைஃபா நகர நூலகத்துக் கம்பளத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாரும் திரும்பினார்கள். படப்புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்த ஹெம்தாவும் பார்த்தாள்.

நனைந்த தலைமுடி. கையில் ஒரு சின்னப் பெண்ணின் மழைக்கோட்டு. அந்தக் கண்கள்... மழை விட்டதும் ஹைஃபா கடல் ஒரு நிறம் காட்டுமே, அந்த நிறம்.

‘யார் இவன்?’

அவளே எழுதி அவளே வரைந்த புத்தகம் அது. சின்ன வயதில் அப்பா சொன்ன கதை. யூதர்களின் ஓய்வுநாள் இரவில் ஒரு வீட்டில் எல்லாரும் பாடுவார்கள். பாட்டைக் கேட்டு, கோழிக்கால்களோடு ஒரு குட்டிப் பிசாசு வந்து கதவைத் தட்டும். ஊர்க் குருவான ரபி ஜெபம் சொல்லி அதை மலைக்கு அப்பால் விரட்டிவிடுவார். ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

“பின்ன எப்படி முடியும்?” என்றாள்.

“எங்கம்மா சொல்றப்போ அதுக்கு ஒரு நாற்காலி போடுவாங்க. சூடா சூப் கொடுப்பாங்க. பாவம், கால் சில்லுனு இருக்கேன்னு வீட்டுக்காரம்மா சாக்ஸ் மாட்டி விடுவாங்க.”

“கோழிக்கால்ல சாக்ஸ் எப்படிப் போகும்?”

“நகம் பட்டுக் கிழியாதா?”

“பிசாசு சூப் குடிக்குமா?”

குழந்தைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. “குடிக்கும். கேரட்டை மட்டும் ஓரமா ஒதுக்கிடும்.”

அறையே சிரித்தது. அந்தக் கடைசிப் பக்கத்துக்கு இதுவரை ஒரு குழந்தைகூட சிரித்ததில்லை... ஹெம்தாவுக்குக் காது சுட்டது.

“உங்க வீட்டுக் கதையை உங்க வீட்ல சொல்லிக்கோங்க. இங்க என் கதைதான்.”

கடல் நிறக் கண்கள் தாழ்ந்தன. “மன்னிச்சிடுங்க,” என்றான். அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அந்தச் சின்னப் பெண் நோகா, தன் அம்மாவோடு வந்தாள்.

“உன்கூட வந்தாரே... அவர் வரலையா?” ஹெம்தா எதேச்சையாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“எல்நாத்தான் மாமாவா? அவர் பல் டாக்டர். உனக்குக் கோபமாம், அதான் வரமாட்டாராம்.” நோகா புத்தகத்தைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தாள். “ஹெம்தா, மலைக்கு அந்தப் பக்கம் பிசாசு தனியா என்ன பண்ணும்?”

அந்த மலையை வரைந்தவளே ஹெம்தாதான். அதன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சனிக்கிழமை மதியம் அப்பா ஸெலிக் வீட்டு விருந்தில் அதையே கேட்டாள்.

“அப்பா, அந்தப் பிசாசை எதுக்கு விரட்டணும்? பாட்டுக் கேட்கத்தானே வந்துச்சு?”

ஸெலிக் கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணோரம் சுருங்கிச் சிரித்தார். “விரட்டச் சொன்னது யாருன்னு நினைக்கறே? நீதாம்மா.”

“நானா?”

“லிதுவேனியாவுல எங்கம்மா எனக்குச் சொன்னப்போ அது மேசையில உட்கார்ந்து சூப் குடிக்கும். உனக்கு அப்படிச் சொன்னா, ‘இப்ப நம்ம வீட்லயா இருக்கு’ன்னு கட்டிலுக்கு அடியில பார்த்துப் பார்த்து அழுவே. அதான் ரபியைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினேன். அன்னைக்குத்தான் நீ தூங்கினே.”

லிதுவேனியாவில் சூப்... அவன் அம்மா சொன்ன கதையிலும் சூப். எந்த ஊர் அம்மாவோ... அந்தக் குட்டிப் பிசாசு எத்தனை ஊர்க் கதவுகளைத் தட்டியிருக்கும்? எங்கேயும் யாரும் விரட்டவில்லை. பயந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மழை. நோகாவின் அம்மாவிடம் விலாசம் கேட்டு, அவன் க்ளினிக்குக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண், “எந்தப் பல்லு?” என்று கேட்டாள். ‘மன்னிப்புக் கேட்க வந்தேன்’ என்று எப்படிச் சொல்வது? “கடைவாய்...” என்று ஏதோ உளறிவிட்டாள்.

அவன் உள்ளே வந்தபோது நீண்ட நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தாள். ஒரு நொடி அப்படியே நின்றான்.

“நான் வந்தது...”

“வாயைத் திறங்க.”

சின்னக் கண்ணாடி உள்ளே போய்விட்டது. இனி எங்கே பேசுவது...

“அன்னைக்கு நான் பேசியிருக்கக் கூடாது,” என்றான், பல்லைப் பார்த்துக்கொண்டே. “நோகாவை உள்ள விட்டுட்டு எப்பவும் வெளியில கண்ணாடிக் கதவுகிட்ட நிப்பேன். நீங்க கதை சொல்றது கேக்காது. முகம் மட்டும் தெரியும். அன்னைக்கு மழைன்னு உள்ள வந்தேன். ஏதாவது பேசணும்னு தோணிச்சு... நல்லதா எதுவும் வாயில வரல.”

“ஆஆ...” என்றாள் ஹெம்தா.

“வலிக்குதா?”

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணாடியை வெளியே எடுத்தாள். “எங்க பாட்டி சொன்ன கதையிலயும் அது சூப்தான் குடிக்குமாம். உங்கம்மா எந்த ஊரு?”

“ஸாக்கோ. குர்திஸ்தான் பக்கம்.”

“அவங்க சொன்ன கதைகள் இன்னும் இருக்கா?”

“நிறைய.”

“எல்லாம் கேட்கணும்.” பிடித்த கையை இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “எனக்குப் பல்வலி எதுவும் இல்ல.”

“தெரியும். பார்த்தவுடனே தெரிஞ்சுது.”

“பின்ன ஏன் இவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னா எழுந்து போயிடுவீங்களே...”

ஜன்னலில் மழை வழிந்தது. அவன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

“போக மாட்டேன்,” என்றாள். “போக மனசு இருந்தா, வராத வலியைச் சொல்லிக்கிட்டு வந்திருப்பேனா...? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் எல்நாத்தான்.”