நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி செருப்பு

அலுவலகக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது காற்புள்ளியின் மேஜை. உள்ளே வருகிற யாரும் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "அதிகாரி எங்கே?" என்று கேட்பார்கள். அன்று காலை வந்த பெண்ணும் அப்படியே கேட்டாள்.

"என்ன விஷயம்னு என்கிட்டயும் சொல்லலாம்மா," என்றார் காற்புள்ளி.

வேலைத்தள விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதும் அந்த அலுவலகத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவர் அவர். அவருடைய அறிக்கைகளில் வாக்கியங்கள் முடிவதே இல்லை, காற்புள்ளி போட்டுப் போட்டு நீண்டுகொண்டே போகும். அதனால் வந்த பெயர்தான் அது. அதிகாரி பதவிக்கான தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவர். அவரை விட எட்டு வயது இளையவள் ஒருத்தி முதல் தடவையிலேயே தேறி, இரண்டு வருடத்துக்கு முன் உள்ளறைக்குக் குடிவந்துவிட்டாள். அவள் இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். இவர் அவளை "மேடம்" என்பார். ஒவ்வொரு மேடத்துக்கும் பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்கும்.

வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரரு டவர் கிரேன் ஆபரேட்டர். முந்தாநாள் மத்தியானம் மழை விட்டதும், அவரு தூக்கின குழாய்க் கட்டு ஊசலாடி நாலாவது மாடிச் சாரத்துல மோதிடுச்சு. சாரம் சரிஞ்சு, கம்பி கட்டுறவர் ஒருத்தருக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. கண்ணசந்துட்டேன், தப்பு என்னோடதுதான்னு எழுதிக் கொடுத்துட்டாரு. இன்னிக்குச் சாயந்திரம் அறிக்கை போனா லைசென்ஸைப் பறிச்சிடுவாங்களாம்."

"அவரே ஒத்துக்கிட்டாரே. நாங்க என்ன பண்ண முடியும்?"

"அவரு தூங்கலைங்க. வீட்ல வேணா தூங்குவாரு, நான் பேசுறப்ப. அந்த கேபின்ல கண்ணே மூட மாட்டாரு." அவள் குரலில் கோபம் ஏறியது. "எனக்கு ஒரு சக்களத்தி இருக்காங்க. நாப்பது மீட்டர் உசரம், மஞ்சக் கலரு. அவளைத் துடைக்கிறதென்ன, மெழுகுறதென்ன! பூட்ஸோட உள்ள காலு வைக்க மாட்டாரு. வாசல்ல கழட்டிட்டு, அதுக்குன்னே வாங்கி வச்சிருக்கிற ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவாரு. எங்க வீட்ல மண்ணுக் காலோட அடுப்படி வரைக்கும் வர்ற மனுஷன்!"

காற்புள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பின்னாலிருந்து அமைதியான ஒரு குரல் கேட்டது.

"கீழ நின்னு சிக்னல் காட்டுனது யாரும்மா?"

அதிகாரி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அவரோட அண்ணன். ஆறு வருஷமா அவருதான். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் லைசென்ஸுக்குப் போனாங்க. அண்ணனுக்குக் கண் பரிசோதனையில தட்டிப் போச்சு. இவரு மேல ஏறினாரு, அவரு கீழ நின்னாரு."

இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று காற்புள்ளிக்கு எரிந்தது. வேலைத்தளம் போகும் வரை அந்த எரிச்சல் அணையவில்லை.

வேலைத்தளத்தில் தரையெல்லாம் செம்மண் சேறு. சரிந்த சாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். இரும்புப் பெட்டி போன்ற தன் அலுவலகத்தின் வாசலிலேயே சூப்பர்வைசர் அவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேட்டர்தான் ஒத்துக்கிட்டாரே மேடம். ரெண்டு நாளா கிரேனுக்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்கேன். மேலேர்ந்து போன் மேல போன். எப்ப திறந்து விடுவீங்க?"

"பாத்துட்டுச் சொல்றோம்," என்றாள் அதிகாரி. பிறகு பையிலிருந்து நான்கைந்து வெள்ளைத் தாள்களை எடுத்தாள். "அண்ணே, நீங்க மேல ஏறி கேபினைப் பாருங்க. நான் இவங்களைத் தனித்தனியா உக்கார வச்சுப் படம் வரையச் சொல்றேன்."

இது அவளுடைய வழக்கம். விபத்து நடந்த கணத்தில் என்ன தெரிந்ததோ அதை வரையச் சொல்வாள். சொல்லத் தெரியாதவர்கள்கூட வரைந்துவிடுவார்கள் என்பாள். நர்சரிப் பள்ளிக்கூடம் என்று அலுவலகத்தில் அதைக் கிண்டல் செய்தவர்களில் காற்புள்ளிதான் முதல் ஆள்.

ஏணியில் ஏறும்போது முழங்கால் முனகியது. ஏறுவது நான், பெயர் வாங்குவது அவள், என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் நினைத்துக்கொண்டார். உச்சிக்குப் போய் கேபின் கதவைத் திறந்ததும் அந்த நினைப்பு சட்டென்று நின்றது.

கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. இருக்கைக்குப் பக்கத்தில் துடைக்கும் துணி நாலாக மடிக்கப்பட்டிருந்தது. கதவோரம் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. அதில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. ஆனால் இருக்கைக்கு முன்னால் விரித்திருந்த சாம்பல் நிறத் தரைவிரிப்பில் செம்மண் காய்ந்துபோய் இரண்டு பெரிய பூட்ஸ் தடங்கள் இருந்தன. வலது குதிகாலில் ஒரு மூலை மட்டும் பெயர்ந்துபோன தடம்.

காற்புள்ளி குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். கடைசியாக இந்த இருக்கையில் உட்கார்ந்தவன் இந்த கேபினுக்குச் சொந்தக்காரன் அல்ல. வேறு யாரோ.

படம் எடுக்கக் கைபேசியை எடுத்தார். எடுத்த கை நின்றது. எடுக்கிற ஒவ்வொரு படமும் அந்த நொடியே அதிகாரியின் கைபேசிக்கும் போய்விடும், ஏற்பாடு அப்படி. கீழே எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாளோடு ஒரு புள்ளியாக அவள் நின்றிருந்தாள். இதையும் அவள் இரண்டு வரியில் சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். "உதவி: இன்னார்" என்று கடைசியில் பொடி எழுத்தில் இவர் பெயர் வரும். வேண்டாம். மத்தியானம் விசாரணைக்கு எல்லாரும் கூடும்போது நானே எழுந்து நின்று சொல்கிறேன். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

இறங்கி வந்தார்.

"மேல ஒன்னும் இல்ல மேடம்."

அவள் தேவைக்கு ஒரு நொடி கூடுதலாக அவரைப் பார்த்தது போல இருந்தது. "சரிண்ணே," என்று மட்டும் சொன்னாள். ஆளுக்கொரு மூலையில் வரைந்துகொண்டிருந்தவர்களை நோக்கிப் போனாள்.

இரண்டரை மணிக்கு இரும்புப் பெட்டி அலுவலகத்தில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒல்லியான ஆபரேட்டர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எதிரே அண்ணன். தம்பியை விட ஒரு சாண் உயரம், அகன்ற தோள், பெரிய பாதம். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி இரண்டு தாள்களை மேஜையில் வைத்தாள்.

"இது ஆபரேட்டர் வரைஞ்சது. குழாய்க் கட்டு எங்க இருக்கு பாருங்க. மேல தொங்குது. அதோட அடிப்பக்கம் தெரியுது. சாரம் ஆகாசத்துக்கு ஏறிப் போகுது. ஓடுறவங்களுக்கெல்லாம் கால் இருக்கு."

இரண்டாவது தாளை முன்னால் நகர்த்தினாள்.

"இது அண்ணன் வரைஞ்சது. இதுல மனுஷங்களே இல்ல, வெறும் வட்டம். அத்தனையும் ஹெல்மெட். சாரம் சதுரமா இருக்கு, அதாவது அதோட மேல்தளம் மட்டும்தான். கீழ நின்னு பாத்தவருக்குக் கால் தெரியும். உச்சியில உக்காந்து பாத்தவருக்கு ஹெல்மெட்தான் தெரியும். ஆனா மேல இருந்தேன்னு சொல்றவர் கீழேர்ந்து வரைஞ்சிருக்காரு. கீழ நின்னேன்னு சொல்றவர் மேலேர்ந்து வரைஞ்சிருக்காரு. அன்னிக்கு மழைக்கு எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சக் கோட்டு. யாரு எங்க இருந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இடம் மாறியிருந்தீங்க."

ஆபரேட்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். காற்புள்ளிக்குப் பொறுக்கவில்லை. ஒரு படிகூட ஏறாமல், இரண்டு தாளை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாளே!

சூப்பர்வைசர் சிரித்தார். லைசென்ஸ் இல்லாத ஒருவன் கிரேன் ஓட்டினான் என்று தெரிந்தால் வேலைத்தளத்தையே மூடிவிடுவார்கள் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"இன்ஜினியர் வரைபடமெல்லாம் மேலேர்ந்து பாக்குற மாதிரிதான் மேடம் இருக்கும். இருபது வருஷமா கட்டட வேலையில அதைப் பாத்தவரு அப்படித்தான் வரைவாரு. குழந்தைப் படத்தை வச்சு ரெண்டு கையெழுத்தை மாத்த முடியுமா? ஏம்ப்பா, நீ எங்க நின்னே?"

"கீழ," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

"நீ?"

"மேல. தூங்கிட்டேன்," என்றார் தம்பி.

அதிகாரி தாள்களை அடுக்கினாள். அவளிடம் வேறு ஆதாரம் இல்லை. காற்புள்ளியின் நேரம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் சொன்னார்: "கேபின்ல ஒன்னும் இல்லன்னு உங்க ஆளே சொல்லிட்டாருன்னு நீங்கதானே மேடம் கழுவ அனுமதி கொடுத்தீங்க. பன்னெண்டு மணிக்கே ஆளை அனுப்பித் தண்ணி விட்டுக் கழுவியாச்சு. நாலு மணிக்கு வேலை ஆரம்பிக்கணும். முடிச்சுக்கலாமா?"

எழப் போன காற்புள்ளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழுவியாகிவிட்டது. படம் இல்லை, தடம் இல்லை. இருப்பது அவர் சொல் ஒன்றுதான். அதைச் சொன்னால், மூன்று மணி நேரத்துக்கு முன் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. அவள் தோற்பாள். இரண்டு வருடமாக அவர் காத்திருந்தது இதற்குத்தானே? நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறியது.

அந்த இனிப்போடு நிமிர்ந்தபோது அண்ணனின் முகம் கண்ணில் பட்டது. அண்ணன் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்றுகிற தம்பியைப் பார்க்கிற பார்வை அல்ல அது. இதிலும் நீதான் நல்லவனா, என்று கேட்கிற பார்வை. தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் காற்புள்ளி அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"நான் பாத்தேன்," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"கேபின்ல நான் பாத்தேன். நீலச் செருப்பு சுத்தமா கதவோரம் இருந்துச்சு. தரைவிரிப்புல பூட்ஸ் தடம் இருந்துச்சு, காய்ஞ்ச செம்மண்ணு. வலது குதிகால்ல ஒரு மூலை பேந்து போன தடம். மேடம்கிட்ட ஒன்னும் இல்லன்னு பொய் சொன்னேன். நானே கண்டுபிடிச்சதா இங்க சொல்லணும்னு மறைச்சு வச்சேன்."

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனின் பெரிய பாதங்கள் மெல்ல நாற்காலிக்கு அடியில் பின்வாங்குவதைத்தான் பார்த்தார்கள். காலை மடித்ததில் பூட்ஸின் குதிகால் தூக்கிக்கொண்டது. வலது குதிகாலில் ஒரு மூலை இல்லை.

"அண்ணே, வேணாம்," என்றார் ஆபரேட்டர்.

"சும்மா இருடா." அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டார். "ஆறு வருஷமா நான் கை காட்டுனாத்தான் இவன் தூக்குவான். நான் நிறுத்துன்னா நிறுத்துவான். ஆனா ஊரெல்லாம் இவனைத்தான் ஆபரேட்டர்ங்கும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கட்டுன்னு கெஞ்சினேன். பாவம்னு இறங்கி வந்து என் இடத்துல நின்னான். மேல போய் இவன் செருப்பைப் போட்டுப் பாத்தேன். பத்தல. திரும்ப பூட்ஸையே மாட்டிக்கிட்டேன்."

"அப்புறம்?" என்றாள் அதிகாரி.

"இவன் கீழேர்ந்து நிறுத்துன்னு கை காட்டுனான். பாத்தேன். நல்லாப் பாத்தேன். இவன் என்ன எனக்குக் கை காட்டுறதுன்னு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அந்தாளு காலு..."

ஆபரேட்டரின் மனைவி எழுந்தாள். புருஷனின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"தூங்கிட்டேனாம்! ஆறு வருஷமா எனக்குச் சக்களத்தியா ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. அவளைக் கேட்டதும் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நின்னீங்களா?" என்றவள் அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

அதிகாரி வாக்குமூலங்களைத் திரும்ப எழுதி வாங்கினாள். கேபினை விட்டு இறங்கியது குற்றம்தான், சில மாதம் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள், பறிக்க மாட்டார்கள் என்று ஆபரேட்டரிடம் சொன்னாள். அண்ணனிடம், கம்பி கட்டுபவர் இருக்கும் மருத்துவமனையின் முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். தன் மேஜைக்கு வந்ததும் காற்புள்ளி கேட்டார்:

"காலையிலயே தெரிஞ்சுதா மேடம்? நான் பொய் சொல்றேன்னு?"

"இல்லண்ணே. கால் வலிக்குது போலன்னு நினைச்சேன்." அவள் உண்மையாகவே சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது. "தெரிஞ்சிருந்தா அனுமதியில கையெழுத்துப் போட்டிருப்பேனா? அதையும் அறிக்கையில எழுதணும். என் கையெழுத்து, உங்க பொய், ரெண்டும்."

அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கேபினைப் பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். வரைஞ்சு கொடுங்க."

காற்புள்ளி பென்சிலை எடுத்தார். தரைவிரிப்பை வரைந்தார். இரண்டு பெரிய தடங்கள், ஒன்றில் மூலை இல்லாத குதிகால். பிறகு கதவோரம் செருப்புகளை வரையப் போனபோது கை தானாக நின்றது. ஒரு செருப்பு நேராக இருந்தது. இன்னொன்று லேசாகத் திரும்பி இருந்தது. யாரோ கால் நுழைத்துப் பார்த்து, பத்தாமல் கழற்றி வைத்தது போல. காலையில் அதைப் பார்த்திருக்கிறார், கவனிக்கவில்லை.

அதையும் அப்படியே வரைந்தார். அடியில் தன் பெயரை எழுதி, "பார்த்தது: காலை 11.20. சொன்னது: பிற்பகல் 2.50" என்று எழுதினார். அந்த வரியில் காற்புள்ளி ஒன்றுகூட இல்லை.