விழுந்தவருக்கு முதல் கிளாஸ்

எங்கள் மலையில் ஒரு சட்டம் இருந்தது. பனிச்சறுக்கில் யார் முதலில் விழுகிறாரோ, அவர்தான் எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். அதை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் கூட்டத்தில் ஒருவனான ஸிரியைக் கேட்டால், தான் போட்டதாகச் சொல்வான்.

புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது. பிள்ளைகள் சரிவுக்கு வந்துவிடுவார்கள். நகரத்துக்காரர்கள் கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கழுதைதான். நகரத்துக்காரர்கள் வேண்டாமென்று போட்ட சறுக்குக் கட்டைகளை ஹமூ அண்ணன் சரிசெய்து வைத்திருந்தார். அவர்தான் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை, ஊர்ப் பிள்ளைகளில் ஒருத்தியான இத்தோ ஒரு புதுப் பெண்ணை அழைத்து வந்தாள். பெயர் மஸூதா. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. தெற்கே, பாலைவனத்தை ஒட்டிய பேரீச்சந்தோப்பு ஊர் அவளுக்கு. நகரத்துக்காரர்கள் தங்கும் விடுதியில் அவள் அம்மா சமையல் வேலைக்கு வந்திருந்தார். அவளைப் போலக் கறுத்த நிறம் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

"விழுந்தா வலிக்குமா?" என்று மஸூதா கேட்டாள்.

"வலிக்காது. ஆனா கழுத்துக்குள்ள பனி போயிரும். அதான் கொடுமை" என்றாள் இத்தோ.

மஸூதா கட்டைகளை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் நேராக வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு விரிந்தது. அடுத்த நொடி குப்புற விழுந்தாள்.

"தேநீர்! தேநீர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

ஸிரி கெட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான். "ம், சீக்கிரம். ஐயாவுக்கு முதல்ல ஊத்து."

எல்லோரும் சிரித்தார்கள். மஸூதா சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. கட்டைகளைக் கழற்றி, பனியைத் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை.

இத்தோ விடுதியின் பின்வாசலுக்குப் போனாள். மஸூதா படியில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி வரல?"

"வேலை இருக்கு."

"பொய் சொல்லாத. ஒரு கேரட்டை எவ்வளவு நேரம் சீவுவ?"

மஸூதா கையிலிருந்த கேரட்டைப் பார்த்தாள். அது விரல் அளவுக்கு வந்திருந்தது.

"எங்க ஊர்ல கல்யாணம்னா நாங்கதான் தேநீர் ஊத்துவோம்" என்றாள். "அம்மா, அம்மாவோட அம்மா, எல்லாரும். மத்தவங்க உட்கார்ந்து குடிப்பாங்க. யாரும் எங்கள உட்காரச் சொல்ல மாட்டாங்க. இங்க வந்தும் கெட்டில் என் கைக்குத்தானே வந்துச்சு."

"அது விளையாட்டுடி. நானே எத்தன தடவ ஊத்தியிருக்கேன்."

"நீ ஊத்துனா விளையாட்டு."

இத்தோவுக்குப் போன குளிர்காலம் நினைவுக்கு வந்தது. நகரத்துப் பையன் ஒருவன் பூட்ஸ் காலை அவள் முன்னால் நீட்டி, "கழட்டு" என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. ஊர்ப் பெண் என்றால் அதற்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டான். அன்று இத்தோ இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"சறுக்குறது பிடிச்சிருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"விழுற வரைக்கும்" என்றாள் மஸூதா. "நானே பறக்குற மாதிரி இருந்துச்சு."

"அடுத்த வாரம் வா. சும்மா நின்னு பாரு. போதும்."

மறுநாள் பள்ளியில் இத்தோ ஸிரியைப் பிடித்தாள். மஸூதா சொன்னதை அவனிடம் சொல்லவில்லை.

"அந்தத் தேநீர்ச் சட்டத்த மாத்தணும்."

"சட்டத்தையெல்லாம் மாத்த முடியாது."

"நீதானே போட்ட?"

"ஆமா."

"அப்ப மாத்து."

ஸிரி தலையைச் சொறிந்தான். "எப்படி மாத்தணும்?"

"விழுந்தவங்க உட்காரணும். நிக்கிறவங்க ஊத்தணும்."

"நல்லா இருக்கே. விழாம வந்தவனுக்கு அப்புறம் என்ன மரியாதை?"

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா யாரு தேநீர் ஊத்துறா?"

"எங்கப்பாதான். வேற யாரு கெட்டிலத் தொட்டாலும் திட்டுவாரு."

"ஏன்?"

"அவருதானே வீட்டுக்குப் பெரியவரு. அது அவரோட மரியா..." ஸிரி பாதியில் நிறுத்தினான். "சரி. நான்தான் மாத்துனேன்னு சொல்லிரு."

புதன்கிழமை மஸூதா வந்தாள். கட்டைகளைத் தொடவில்லை. கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

ஸிரி புதுச் சட்டத்தைப் பெரிய குரலில் அறிவித்தான். அறிவித்த கையோடு விழுந்தான். அதுவும் சரிவே இல்லாத இடத்தில்.

"அம்மா, காலு!" என்று முனகினான். "நிறைய சர்க்கரை போட்டு ஊத்துங்க."

இத்தோ ஊற்றினாள். ஸிரி உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். பிறகு வரிசையே விழுந்தது.

ஹமூ அண்ணன் இடுப்பில் கை வைத்தார். "ஏன்டா, இன்னைக்கு ஒருத்தனுக்கும் காலே இல்லையா?"

மஸூதா சிரித்துவிட்டாள். கழுதையின் கயிற்றை விட்டாள். சுவரில் சாய்ந்திருந்த கட்டைகளை எடுத்து மாட்டினாள்.

கொஞ்சம் மேலே ஏறி, அங்கிருந்து சறுக்கி வந்தாள். இரண்டு கையையும் விரித்தபடி, ஒரு பக்கம் சாய்ந்தாள், மறுபக்கம் சாய்ந்தாள். வேகம் கூடியது. நேராகக் கழுதையிடம் வந்த மஸூதா, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கழுதையப் பிடிச்சா கணக்குல வராது" என்றான் ஸிரி, பனியில் படுத்தபடியே.

"நிக்கிறாளா இல்லையா?" என்றாள் இத்தோ.

கழுதையைக் கேட்டிருந்தால் அதுவும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கும்.

மஸூதா நடந்து வந்து கெட்டிலுக்குக் கை நீட்டினாள். இத்தோ தயங்கினாள்.

"நீ உட்காரு. நான் ஊத்துறேன்."

"கொண்டா" என்றாள் மஸூதா. "நான்தான் விழலையே."

கெட்டிலைத் தலைக்கு மேலே தூக்கினாள். ஸிரியின் அப்பாகூட அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றியதில்லை. தேநீர் நூல் போல இறங்கியது. ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

ஸிரி கிளாஸை நீட்டினான். "ஐயாவுக்கு..." என்று ஆரம்பித்தவன், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்து ஒழுங்காக உட்கார்ந்தான்.

"எனக்கும் கொஞ்சம், அக்கா" என்றான்.

மஸூதா அவனுக்கு ஊற்றினாள். பிறகு தன் கிளாஸை எடுத்து, விளிம்பு வரை நுரை வர, தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.